வெள்ளை நாயில் பழுப்புத் திட்டு இருந்தால் எல்லாம் ஜாக் ரஸ்ஸலா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மாலை நேரத்தில் ஒரு தெரு நடந்தால் போதும், கேட்டுக்குக் கேட்டு ஒரு சின்ன வெள்ளை நாய் நம்மை விசாரிக்கும். முகத்தில் பழுப்பு, வாலடியில் ஒரு திட்டு, மற்றதெல்லாம் வெள்ளை. என்ன ரகம் என்று கேட்டால் வீட்டுக்காரர் யோசிக்கவே மாட்டார்: ஜாக் ரஸ்ஸல். அடுத்த வீட்டு நாய் அதைவிட நாலு விரல் உயரம், காதும் நிமிர்ந்து நிற்கும். அதுவும் ஜாக் ரஸ்ஸல்தான். 1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் கேட்டோ மேனரிலிருந்து நம் ஆட்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தின் ஒட்டுவீடுகளில் கொண்டுவந்து வைத்தபோது, அந்தச் சின்ன யார்டுக்கு அல்சேஷன் கட்டுப்படியாகவில்லை. எலி பிடிக்கும், கள்ளன் வந்தால் கத்தும், மிச்சச் சோற்றில் வயிறு நிறையும் என்று இந்தக் குட்டை நாய் எல்லா வீட்டுக்கும் ஒத்துப்போனது.

பெயர் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். தீபாவளி இரவில் தெரியும். வெடிச் சத்தத்தில் மிரண்டு கேட்டைத் தாண்டி ஓடிய நாய்களைத் தேடி மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்புகளைப் பாருங்கள். 'வெள்ளை ஜாக் ரஸ்ஸல், பழுப்புத் திட்டு, காணவில்லை' என்று போட்டால் அது ஊரில் பாதி நாய்க்குப் பொருந்தும். காசு கொடுத்து வாங்கும்போது சிக்கல் இன்னும் பெரிது. 'பியூர் பிரீட்' என்று சொல்லி விற்கப்படும் குட்டி எந்த உயரம் வளரும், எந்த நோயைச் சுமக்கும் என்பதெல்லாம் அது உண்மையில் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது.

ஜாக் ரஸ்ஸல், எலியையும் நரியையும் வளைக்குள் துரத்திப்போகும் டெரியர் என்ற வேட்டைநாய் வகையைச் சேர்ந்தது. டெரியர்களைப் பிரித்தறிய ஒரே ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் கால் நீளம், அப்புறம் காது, அப்புறம் மார்பின் சுற்றளவு, தலையின் வடிவம், ரோமத்தின் தன்மை. இவையெல்லாம் அந்த நாய் எங்கே, எந்தப் பிராணியைத் துரத்தியது என்பதிலிருந்து வந்தவை. நிறம் பெரும்பாலும் வளர்த்தவர்களின் விருப்பம். இதோடு இன்னொன்றும் உண்டு. ஒத்த தோற்றமுள்ள இரண்டு இனங்களுக்கு நடுவே இருக்கும் கோடு பல சமயம் வேட்டைக்காட்டில் போடப்பட்டதில்லை. ஒரு சங்கத்தின் பதிவேட்டில், அதுவும் நம் அப்பா, தாத்தா காலத்தில் போடப்பட்டது.

இது நமக்குப் புதிய விஷயமில்லை. தமிழ்நாட்டில் சிப்பிப்பாறையும் கன்னியும் இரண்டு இனமா, ஒரே இனத்தின் இரண்டு நிறமா என்று தென்மாவட்டத்துக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கறுப்பும் பழுப்புமாக இருந்தால் கன்னி, மற்ற நிறம் என்றால் சிப்பிப்பாறை என்பது ஒரு கட்சி. இல்லை, உடற்கட்டே வேறு என்பது இன்னொரு கட்சி. இங்கிலாந்துக்காரர்களும் தங்கள் டெரியர்களைப் பற்றி இதே சண்டையை நூற்றைம்பது வருடமாகப் போடுகிறார்கள். என்ன, அவர்கள் அதைக் கமிட்டி வைத்துப் போட்டார்கள்.

பாதிரியாரின் நாய்

ஜாக் ரஸ்ஸல் என்ற பெயர் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியாருடையது. 1795-இல் பிறந்து 1883-இல் இறந்தவர்; இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஸ்விம்பிரிட்ஜ் என்ற ஊரில் பல்லாண்டு ஊழியம் செய்தவர். பிரசங்கத்தைவிட நரிவேட்டையில்தான் அவருக்கு நாட்டம் என்று சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில் ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார் என்பதுதான் இந்த இனத்தின் தோற்றக் கதை. வெள்ளை உடம்பு, இரு கண்ணையும் காதையும் சுற்றிக் கரும்பழுப்பு, வாலடியில் ஒரு பென்னிக் காசு அளவுக்குப் பொட்டு. நம் தெருவில் குரைக்கும் நாயின் வருணனை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ரஸ்ஸலுக்கு வேண்டியது நரியைக் கொல்லும் நாயில்லை. நரி வளைக்குள் ஓடி ஒளிந்துகொண்டால் உள்ளே போய்க் குரைத்து, அதை வெளியே கிளப்பிவிட வேண்டும். கொன்றுவிட்டால் குதிரைக்காரர்களுக்கு அன்றைய ஆட்டம் முடிந்துபோகும். வளைக்குள் நுழைய மார்பு குறுகலாக இருக்க வேண்டும். குதிரைகளுக்கும் வேட்டைநாய்களுக்கும் பின்னால் நாளெல்லாம் ஓட வேண்டும் என்பதால் கால் நீளமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவையும் சேர்ந்ததுதான் இன்று பார்சன் ரஸ்ஸல் என்று பதிவாகும் இனம். ஆண் 36 சென்டிமீட்டர், பெண் 33. பக்கவாட்டில் நின்று பார்த்தால் உடம்பு ஏறக்குறைய சதுரம்.

குட்டைக் கால் கிளை பின்னால் வந்தது. பாட்ஜர் என்ற காட்டுப் பிராணியின் வளையைத் தோண்டும் ஆட்களும், தொழுவத்தில் எலி பிடிக்க நாய் வைத்திருந்தவர்களும் குதிரைக்குப் பின்னால் ஓடவில்லை. அவர்களுக்கு நீளக் கால் தேவைப்படவுமில்லை. அந்தக் கிளையும் ரஸ்ஸலின் பெயரையே எடுத்துக்கொண்டது. நாய் இனங்களைப் பதியும் இங்கிலாந்துச் சங்கமான கென்னல் கிளப் 1990-இல் உயரமான வகையைப் 'பார்சன் ஜாக் ரஸ்ஸல்' என்று அங்கீகரித்தது. 1999-இல் அதைப் 'பார்சன் ரஸ்ஸல்' என்று சுருக்கியது. குட்டை வகைக்குத் தாய்நாட்டில் அங்கீகாரம் கிடைக்க 2016 வரை ஆனது. அதற்குள் அது ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே சங்கம் அமைத்து, தர அளவுகள் எழுதி, உலக நாய்ச் சங்கமான எஃப்சிஐயின் பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்தப் பட்டியலில் ஜாக் ரஸ்ஸலின் தோற்ற நாடு இங்கிலாந்து, வளர்ச்சி பெற்ற நாடு ஆஸ்திரேலியா. இங்கிலாந்துக்காரர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்தான்.

எஃப்சிஐயின் ஜாக் ரஸ்ஸல் அளவுகள் வீட்டிலேயே சரிபார்க்கக்கூடியவை. தோள்பட்டை உச்சி வரை 25 முதல் 30 சென்டிமீட்டர். ஒவ்வொரு ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கும் ஒரு கிலோ: 25 சென்டிமீட்டர் நாய் ஐந்து கிலோ, 30 சென்டிமீட்டர் நாய் ஆறு கிலோ. முன்கால் முட்டிக்குப் பின்னால் மார்பின் சுற்றளவு 40 முதல் 43 சென்டிமீட்டர். உடம்பு உயரத்தைவிட நீளம்.

பக்கத்து வீட்டு அங்கிளின் நாயை ஒரு சனிக்கிழமை இப்படி அளந்து பார்த்தோம். சுவரோடு ஒட்டி நிறுத்தி, தோள் உச்சியில் ஒரு ஸ்கேலைக் கிடையாக வைத்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். அது நிற்காது, ஒருவர் பிஸ்கட்டைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கோடு 35-இல் விழுந்தது. அப்புறம் நாயின் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் முன்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல்கள் மேலே முதுகெலும்பில் தொட, நடுவிரல்கள் கீழே மார்பெலும்பில் தொட்டன. நாய்க் கண்காட்சி நடுவர்கள் செய்யும் சோதனையும் இதுதான். நடுத்தரக் கையளவுள்ள ஒருவருக்கு விரல்கள் தொடவில்லை என்றால் அந்த நாய் நரி வளைக்குள் போகாது. மார்பு மெலிது, கால் நீளம், உடம்பு சதுரம். 'நம்ம ஜாக்கி பார்சன் சாதியா!' என்று அங்கிளுக்கு ஒரே பெருமை. வம்சத்தைக் காட்டும் பதிவுக் காகிதம் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

இதே குடும்பத்தின் மூன்றாவது ஆள் ஃபாக்ஸ் டெரியர். ரஸ்ஸலே ஆரம்பகாலக் கண்காட்சிகளில் ஃபாக்ஸ் டெரியர்களுக்கு நடுவராக இருந்தவர். 1876-இல் அதற்குத் தனிச் சங்கம் வந்த பிறகு, கண்காட்சிக்காரர்கள் அதன் தலையை நீட்டிக்கொண்டே போனார்கள். நெற்றியிலிருந்து மூக்கு வரை ஏறக்குறைய நேர்க்கோடாக, குறுகலான நீள முகம் தெரிந்தால் அது ஃபாக்ஸ் டெரியர். ரஸ்ஸல் நாய்களின் மண்டை அகலம், கண்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளமும் இருக்கும்.

துறைமுகம் துறைமுகமாக

டர்பன்காரர்களுக்கு இந்தப் பகுதி சுவாரசியமாக இருக்கும். ஆங்கிலேயர் கப்பல் போன இடமெல்லாம் சின்ன வெள்ளை டெரியரும் போனது. கப்பலில் எலி இருக்கும், எலி இருந்தால் நாய் வேண்டும். இறங்கிய ஊரில் அது உள்ளூர் நாயோடு கலந்து, சில தலைமுறையில் அந்த நாட்டின் பெயரை வாங்கிக்கொண்டது. இன்று பல கண்டங்களில் பரவிக் கிடக்கும் இந்தச் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளை ஒரே மேடையில் நிறுத்தினால் எல்லாவற்றையும் நாம் ஜாக் ரஸ்ஸல் என்றுதான் சொல்வோம்.

ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் என்ற ஊர் ஷெரி மதுவுக்குப் பேர்போனது. அங்கே மது வியாபாரம் செய்த ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த டெரியர்கள் மதுக்கிடங்குகளில் எலி பிடித்தன; உள்ளூர் நாய்களோடு கலந்து 'ரத்தோனேரோ போதேகேரோ' ஆனது. பிரேசிலில் கதை வேறு. ஐரோப்பாவுக்குப் படிக்கப் போன பணக்கார வீட்டுப் பிள்ளைகள் திரும்பும்போது, சிலர் மணம் முடித்து மனைவியோடும் அவள் மடியில் இருந்த நாயோடும் வந்தார்கள். பண்ணைகளில் கலந்து பெருகிய அந்த நாய்தான் பிரேசிலியன் டெரியர். வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று மூன்று நிறமும் அதற்குக் கட்டாயம். இரண்டு நிறம் மட்டும் இருந்தால் தர அளவில் சேராது. நிறத்தைக் கடைசியில் பார்க்கச் சொன்னேன். நிறமே நிபந்தனையாக இருக்கும் ஓர் இனம் இது.

ஜப்பானியன் டெரியரின் தலை பெரும்பாலும் கறுப்பு, உடம்பு வெள்ளை, ரோமம் தோலோடு ஒட்டினாற்போல மிகக் குட்டை. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துக் கப்பல்களில் நாகசாகிக்கு வந்த 'ஸ்மூத் ஃபாக்ஸ் டெரியர்'தான் இதன் மூதாதை என்று தர ஏட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரில் ஓர் இனம் உருவானதே 19ஆம் நூற்றாண்டில்தான். கப்பலில் ஏதோ ஒரு சின்ன எலிபிடி நாய் வந்தது என்று படித்துக்கொள்வதே சரி. திட்டமிட்டு வளர்க்கத் தொடங்கியது 1920 வாக்கில்.

டென்மார்க்கும் சுவீடனும் 1987-இல் சேர்ந்து அங்கீகரித்த பண்ணைநாய் இன்னொன்று. பார்த்தால் அச்சு அசல் ஜாக் ரஸ்ஸல். ஆனால் எஃப்சிஐ அதை டெரியர் குழுவில் சேர்க்கவில்லை. பின்ஷர் என்ற வேறொரு நாய்க் குடும்பத்தில் வைத்திருக்கிறது. பழகியவர்களுக்குக் காரணம் புரியும்: டெரியருக்குரிய அந்தக் கொதிப்பு அதனிடம் குறைவு. ஆஸ்திரேலியாவின் டென்டர்ஃபீல்ட் டெரியருக்குக் காது பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். அமெரிக்காவின் ராட் டெரியருக்குப் பெரிய காது, மெல்லிய எலும்பு. அதற்கு அந்நாட்டின் பெரிய நாய்ச் சங்கத்தில் இடம் கிடைத்தது 2013-இல்தான்.

ஆக, வெள்ளை டெரியரைப் பார்த்ததும் காதைப் பாருங்கள். முன்பக்கம் மடிந்து கண்ணை நோக்கி விழுந்தால் ரஸ்ஸல் குடும்பமாக இருக்கலாம். நிமிர்ந்த காதுடைய நாய்க்கு ஜாக் ரஸ்ஸல் என்று பெயர் சொன்னால் ஏதோ ஒரு தலைமுறையில் வேறு ரத்தம் சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். டர்பனில் அப்படிச் சேர வாய்ப்பு ஏராளம். பொமரேனியனும் சிவாவாவும் ஆப்பிரிக்கானிஸ் எனப்படும் நாட்டு நாயும் அதே தெருவில்தான் திரிகின்றன.

காதை வைத்துப் பிரித்த இனம்

பதிவேடு எப்படி இனத்தை உண்டாக்கும் என்பதற்கு நார்விச், நார்ஃபோக் இரண்டையும்விட நல்ல உதாரணம் கிடையாது. இரண்டும் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் தோன்றியவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் விடுதியில் வைத்திருந்த எலிபிடி நாய்களிலிருந்து வந்தவை. உயரம் இரண்டுக்கும் 25 சென்டிமீட்டர். நிறமும் ஒன்றுதான். 1932-இல் கென்னல் கிளப் அங்கீகரித்தபோது நிமிர்ந்த காதும் மடிந்த காதும் ஒரே பெயரில், 'நார்விச்' என்றே பதிவாயின. ஆனால் இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்குக் காது எப்படி நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நிமிரவும் மாட்டாமல் மடியவும் மாட்டாமல் தொங்கும். வளர்ப்பவர்கள் தாமாகவே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 1964-இல் மடிந்த காதுக்கு நார்ஃபோக் என்று தனிப்பெயர் கொடுத்துக் கதையை முடித்தார்கள். அமெரிக்காவில் 1979 வரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

பிரித்த பிறகு உடம்பும் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. நார்ஃபோக் சற்று நீளம், நார்விச் சற்று கச்சிதம். ஆனாலும் எட்டு வாரக் குட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு இது எது என்று சத்தியம் செய்ய முடியாது. எல்லாக் குட்டிக்கும் பிறக்கும்போது காது மடிந்துதான் இருக்கும். நார்விச்சின் காது நிமிர வாரங்கள் ஆகும், சிலதுக்கு மாதக்கணக்கில்.

மலைநாட்டுக் கறுப்பும் பழுப்பும்

வெல்ஷ், லேக்லேண்ட், ஏர்டேல் மூன்றையும் படத்தில் பார்த்தால் ஒரே நாயைச் சின்னதாகவும் பெரிதாகவும் அச்சடித்த மாதிரி இருக்கும். கறுப்பு முதுகு, பழுப்புக் கால், செவ்வக முகம், தாடி. ஏர்டேலைப் பிரிப்பது எளிது: 58 முதல் 61 சென்டிமீட்டர் வரை வளரும் ஆண், டெரியர்களிலேயே உயரமானது. யார்க்ஷயரின் ஏர் நதிப் பள்ளத்தாக்கில், நீர்நாய் வேட்டைக்கான ஓட்டர்ஹவுண்டையும் உள்ளூர் டெரியரையும் கலந்து ஆலைத் தொழிலாளிகள் உருவாக்கியது. முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை செய்தி கொண்டுபோக இதைப் பழக்கியது.

வெல்ஷையும் லேக்லேண்டையும் பிரிப்பதுதான் தலைவலி. வெல்ஷ் 39 சென்டிமீட்டர் வரை, ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். லேக்லேண்ட் 37-ஐத் தாண்டாது, எடை எட்டுக் கிலோவுக்குள். ஆனால் தாடியும் காலும் பஞ்சாகச் சீவப்பட்ட நாயில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்? பழுப்பைப் பாருங்கள். வெல்ஷுக்கு அது செம்மை ஏறிய ஆழ்ந்த நிறம். லேக்லேண்டின் தர ஏடு ஆழ்ந்த மரச்சிவப்பு இதற்கு இயல்பில்லை என்றே சொல்கிறது. வெல்ஷின் கால்விரல்களில் கறுப்புக் கீற்று ஓடினால் மதிப்பெண் போகும். லேக்லேண்ட் சிவப்பு, கோதுமை, நீலம், முழுக் கறுப்பு என்று பல நிறத்தில் வரும். வெல்ஷில் அந்தப் பேச்சே இல்லை.

வெல்ஷின் பெயரிலேயே ஒரு பழைய அரசியல் இருக்கிறது. 1880களில் இதே கம்பி ரோமக் கறுப்பு-பழுப்பு நாயை வேல்ஸ்காரர்கள் 'வெல்ஷ்' என்றும், இங்கிலாந்துக்காரர்கள் 'பழைய இங்கிலீஷ் டெரியர்' என்றும் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். கென்னல் கிளப் கொஞ்ச காலம் இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டுப் பார்த்தது. ஆங்கிலத் தரப்பு ஒன்றுசேர முடியாமல் சிதற, வேல்ஸ்காரர்கள் சங்கமாக நின்று பெயரை வென்றார்கள். லேக்லேண்டுக்கு அப்படிப் போட்டியில்லை. கம்பர்லாந்து மலைகளில் ஆட்டுக்குட்டியைத் தூக்கும் நரியைப் பாறை இடுக்குக்குள் போய்க் கொல்ல வளர்த்த நாய் அது. அதன் உடம்பு ஒடுங்கியிருப்பது பாறைப் பிளவுக்காக. டெவன் பாதிரியாரின் நாய் நரியைக் கொல்லக் கூடாது, இது கொன்றே ஆக வேண்டும். ஒன்று கனவான்களின் விளையாட்டுக்கு, மற்றது ஆட்டுக்காரரின் வயிற்றுக்கு. பாட்டர்டேல் என்ற கறுப்பு நாயும் அதே மலைகளின் பிள்ளை. அது கண்காட்சிப் பக்கமே அதிகம் போகாததால் இன்னும் பல அளவில் வருகிறது.

பார்டர் டெரியரை இவற்றோடு குழப்ப வேண்டியதில்லை. அதன் தலை நீர்நாயின் தலை மாதிரி: அகல மண்டை, குட்டை மூக்கு. தாடியைச் செதுக்கி அலங்கரிக்கும் பழக்கமும் அதற்கு இல்லை.

முன்பெல்லாம் வால் ஒரு பெரிய அடையாளம். வெல்ஷ், லேக்லேண்ட், ஏர்டேல், நார்விச், ஜாக் ரஸ்ஸல் எல்லாவற்றுக்கும் குட்டியிலேயே வாலை வெட்டிவிடுவார்கள். பார்டர், கெய்ர்ன், பெட்லிங்டன் ஆகியவற்றுக்கு வெட்டுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் அழகுக்காக வால் வெட்டக் கூடாது என்று கால்நடை மருத்துவர்களுக்கு 2008-இல் தடை வந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் முழு வால். பழைய படங்களை வைத்துக்கொண்டு இன்றைய நாயை அடையாளம் காணப் போனால் ஏமாந்துபோவோம்.

இன்னொரு ஏமாற்றம் நாய்களுக்கு முடி வெட்டும் சலூனில் நடக்கிறது. கம்பி ரோம டெரியர்களின் செத்த ரோமத்தைக் கையால் பிடுங்கி எடுப்பதுதான் முறை. டர்பன் புழுக்கத்துக்குப் பயந்து மெஷினால் மழித்துவிட்டால் அடுத்து வளரும் ரோமம் மென்மையாகி, கறுப்பு சாம்பலாக வெளுக்கும். இரண்டு வருடம் இப்படி மழித்த வெல்ஷை எதிரில் நிறுத்தினால் வேல்ஸ்காரரே தடுமாறுவார்.

நிறம் மாறும் குட்டிகள்

நிறத்தை நம்பாதே என்பதற்கு இன்னொரு காரணம், அது நிலையாக இருப்பதில்லை. அயர்லாந்தின் கெர்ரி புளூ கறுப்பாகப் பிறந்து, ஒன்றரை வயதுக்குள் நீலச் சாம்பலுக்கு மாறும். அதன் நெருங்கிய உறவான சாஃப்ட் கோட்டட் வீட்டன் கரும்பழுப்பாகப் பிறந்து, இரண்டு வயதில் கோதுமை நிறத்துக்குத் தெளியும். உயரம் இரண்டுக்கும் ஒன்றே, 46 முதல் 48 சென்டிமீட்டர். கெர்ரி புளூவுக்கு ஒரு சுதந்திரப் போராட்டப் பின்னணியும் உண்டு: அயர்லாந்து விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் தன் நாய்க்குக் 'கைதி 224' என்று பெயர் வைத்திருந்தார். ஆட்டுக்குட்டி போலத் தோன்றும் பெட்லிங்டனும் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோதான் பிறக்கும்.

நமக்கு அதிகம் தேவைப்படுவது யார்க்கி விவகாரம். யார்க்ஷயர், ஆஸ்திரேலியன் சில்க்கி, ஆஸ்திரேலியன் டெரியர் மூன்றும் குட்டியில் பெரும்பாலும் கறுப்பும் பழுப்பும்தான். யார்க்கி 3.2 கிலோவைத் தாண்டக் கூடாது. சில்க்கி நாலு கிலோவைச் சுற்றி நிற்கும். யார்க்கியையும் ஆஸ்திரேலியன் டெரியரையும் சிட்னியில் கலந்து கிடைத்தது அது. ஆஸ்திரேலியன் டெரியர் ஆறரைக் கிலோ, ரோமம் முரடு, கழுத்தைச் சுற்றிப் பிடரி மாதிரி அடர்த்தி. 'மினியேச்சர் யார்க்கி' என்று சொல்லி வாங்கிய குட்டி ஆறு கிலோவுக்கு வளர்ந்து நிற்கும் வீடுகள் ஊரில் நிறைய உண்டு. விற்றவர் பொய் சொல்லியிருக்கலாம்; அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

ஸ்காட்லாந்தின் கெய்ர்னும் வெஸ்டியும் ஒரு காலத்தில் ஒரே ஈற்றில் பிறந்தவை. வெள்ளையாக வந்தால் வெஸ்டி, மற்ற நிறம் என்றால் கெய்ர்ன். வெஸ்டி ரத்தம் கலந்த கெய்ர்னைப் பதிய மாட்டோம் என்று அமெரிக்கச் சங்கம் 1917-இல்தான் சொன்னது. இன்று கெய்ர்னில் வெள்ளை ஒத்துக்கொள்ளப்படாத நிறம்.

பெயரில் டெரியர் இருந்து குடும்பத்தில் இல்லாதவையும் உண்டு. திபெத்தியன் டெரியர் திபெத்து மடங்களில் வளர்ந்த நாய், வளைக்குள் போன வரலாறே இல்லை. பிளாக் ரஷ்யன் டெரியர் சோவியத் ராணுவம் காவலுக்காக உருவாக்கியது.

புல் டெரியர், பிட்புல் வகைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 2022-இல் குழந்தைகள் கடிபட்டு இறந்த செய்திகளுக்குப் பிறகு பிட்புல்லைத் தடை செய்யச் சொல்லி நாடெங்கும் குரல் எழுந்தபோது, ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் வைத்திருந்தவர்களும் பயந்துபோனார்கள். ஸ்டாஃபி 41 சென்டிமீட்டரைத் தாண்டாத நாய். 1935-இல் கென்னல் கிளப் அங்கீகரித்தது. அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் அதைவிட உயரம். பிட்புல்லை எஃப்சிஐ ஓர் இனமாகவே ஏற்கவில்லை. பதற்றமான நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. அகலத் தலையும் குட்டை ரோமமும் இருந்தால் எல்லாம் பிட்புல்தான்.

ரத்தம் என்ன சொல்கிறது

மரபணு ஆய்வுகள் வந்த பிறகு இந்த வித்தியாசங்கள் எவ்வளவு சின்னவை என்று தெரிந்தது. குட்டைக் காலுக்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவின் கூடுதல் நகல் என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். அதே வருடம், நாய்களின் ரோம வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களால் விளக்கலாம் என்றும் சொன்னார்கள். தாடியும் புருவமும் வருவது அதில் ஒன்றால். வழுவழு ரோம நாயும் தாடிக்கார நாயும் ஒரே ஈற்றில் பிறப்பது ரஸ்ஸல் வளர்ப்பவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம்தான்.

வாங்கப் போகிறவர்கள் காகிதம் கேளுங்கள். இங்கே பதிவேடு வைத்திருப்பது கூசா என்று அழைக்கப்படும் தெற்கு ஆப்பிரிக்க கென்னல் யூனியன். காகிதம் இல்லையென்றால் அது கலப்பு என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ற விலை பேசுங்கள். கலப்பு நாய் மட்டமில்லை, விலைதான் மட்டமாக இருக்க வேண்டும். தாயையும் தகப்பனையும் நேரில் பார்த்து, மேலே சொன்ன மாதிரி ஸ்கேல் வைத்து அளந்தால் குட்டியின் வருங்கால உயரம் ஓரளவு தெரிந்துவிடும். பதினைந்து இலக்க மைக்ரோசிப் போட்டுவிடுங்கள். தீபாவளிக்கு மறுநாள் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவில் இருபது வெள்ளை நாய்களுக்கு நடுவே உங்கள் நாயைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

எந்தப் பெயரில் வாங்கினாலும் டெரியர் டெரியராகத்தான் நடந்துகொள்ளும். வளைக்குள் இருப்பதை விடக் கூடாது என்று எத்தனையோ தலைமுறையாக ஊறிய புத்தி. டர்பன் புறநகர்களில் அந்த வளையில் இருப்பது எலியாகவும் இருக்கலாம், கறுப்பு மாம்பாவாகவும் இருக்கலாம். உண்ணியும் கவனிக்க வேண்டியது. இங்கே பிலியரி என்று நாம் சொல்லும் உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் பபேசியா ராஸ்ஸி என்ற ஒட்டுண்ணி. அந்த வகையிலேயே கொடியது. ஈறு வெளுத்து, மூத்திரம் சிவந்து, நாய் சோறு தின்னாமல் படுத்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, இது வெள்ளை டெரியர் வைத்திருக்கும் எல்லோருக்கும். கண்ணின் லென்ஸ் இடம் பெயர்ந்து விழும் ஒரு பரம்பரை நோய் இவற்றில் உண்டு. அதற்கான மரபணு மாற்றத்தை 2010-இல் ஜாக் ரஸ்ஸலிலும் மினியேச்சர் புல் டெரியரிலும் கண்டுபிடித்தார்கள். பிறகு பார்சன், டென்டர்ஃபீல்ட், ராட் டெரியர் என்று தேடிய இடமெல்லாம் அதே மாற்றம் கிடைத்தது. கடல் தாண்டிப் பிரிந்து வேறு வேறு பெயர் வாங்கிய நாய்கள் ஒரே பாட்டியின் வாரிசுகள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நோய் பெரும்பாலும் மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் நடுவே தலைகாட்டும். கண் சிவந்து, பால் படர்ந்தது போல் மங்கி, நாய் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினால் தூசி விழுந்திருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் ஓரிரு நாளில் பார்வை போய்விடும். இரண்டு நாயைச் சேர்த்துக் குட்டி எடுக்கப் போகிறவர்கள் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் துடைத்து அனுப்பும் டிஎன்ஏ சோதனையை முதலில் செய்துவிடலாம். பெற்றோர் இரண்டிலும் அந்த மாற்றத்தின் ஒரு நகல் இருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம்.